கியர்பாக்ஸ் பிரிய மறுத்தால்: கடப்பாரையா, போல்ட்டா, நெருப்பா?

போல்ட் எல்லாம் கழற்றியாயிற்று. ஆக்ஸில் இரண்டும் வெளியே வந்துவிட்டன, செல்ஃப் மோட்டார் தரையில் கிடக்கிறது, கியர் ஆயில் வடித்தாகிவிட்டது, அடியில் ஜாக்கி முட்டுக்கொடுத்து நிற்கிறது. கியர்பாக்ஸ் மட்டும் என்ஜினை விட்டு வர மறுக்கிறது. இந்தக் கட்டத்தில் முக்கால்வாசிப் பேரின் கை நீளமான கம்பியைத் தேடிப் போகும். அந்தக் கம்பியை எடுக்கும் முன், வேறு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதற்கு எவ்வளவு பலம், எது எதை உடைக்கும் என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

நான் மனதில் வைத்திருப்பது மாருதி 800, ஆல்ட்டோ, ஆம்னி போன்ற சின்ன மேனுவல் கியர் வண்டிகளை. அதிலும் தண்ணீரில் நின்றவை, உப்புக் காற்றில் கிடந்தவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் சக்கரத்துக்கு மேல் தண்ணீரில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் சீட்டைக் காயவைப்பார்கள், வயரிங் பார்ப்பார்கள், என்ஜின் ஆயில் மாற்றுவார்கள். கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான கிளட்ச் ஹவுசிங்குக்குள் புகுந்த தண்ணீரை யாரும் நினைப்பதில்லை. அது உள்ளேயே கிடந்து துருவாகி, பிற்பாடு கிளட்ச் மாற்றப் போகும்போதுதான் முகத்தைக் காட்டும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களில் வெள்ளம்கூடத் தேவையில்லை, காற்றே போதும்.

எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

போல்ட்டுகளைத் தவிர கியர்பாக்ஸை என்ஜினோடு சேர்த்துப் பிடிக்கக்கூடிய இடங்கள் மூன்றே மூன்றுதான். முதலாவது, இரண்டு ஹவுசிங்கும் சேரும் முகம். அங்கே பொதுவாக இரண்டு டவல் பின்கள் இருக்கும். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் உட்கார வேண்டும் என்பதற்காக இறுக்கமாக அடித்து வைத்த எஃகுக் குழாய்கள் அவை. இரண்டாவது, என்ஜினின் சுழற்சியை வாங்கும் தண்டான கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைக்குள் நுழையும் ஸ்ப்லைன் பற்கள், அதாவது நீளவாட்டில் வெட்டிய பற்கள். மூன்றாவது, அந்த ஷாஃப்ட்டின் நுனி, என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் சின்ன பைலட் பேரிங்கில் உட்காரும் இடம். முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள் பலவற்றில் இந்த மூன்றாவது கிடையாது.

இந்த மூன்றில் எது என்று ஹவுசிங்குக்கு நடுவே தெரியும் இடைவெளியே சொல்லிவிடும். வழியைத் தேர்வு செய்வதே இதை வைத்துத்தான் என்பதால் டார்ச் லைட்டைப் பிடித்துச் சுற்றி நன்றாகப் பாருங்கள்.

முடி நுழையும் அளவுக்குக்கூட விலகவில்லை என்றால் டவல் பின் பிடித்திருக்கிறது, அல்லது போல்ட் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு பக்கம் விலகி, எதிர்ப்பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தால் அந்த ஒட்டிய பக்கத்தில்தான் டவலோ போல்ட்டோ இருக்கிறது. சுற்றிலும் ஒரே அளவாக ஒரு விரற்கடை விலகி வந்து, அதற்குமேல் நகரவில்லை என்றால் டவல் கழன்றுவிட்டது, பிடித்திருப்பது ஷாஃப்ட். இந்த மூன்றாவது நிலையில் ஹவுசிங் ஓரத்தில் கடப்பாரை போட்டு நெம்புவதால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அங்கேதான் ஆட்கள் அதிகம் நெம்புகிறார்கள். கொஞ்சம் நகர்ந்ததைப் பார்த்த ஆசை.

இன்னொன்றும் உண்டு. மாருதி 800 போல என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் வண்டியில் கியர்பாக்ஸ் பக்கவாட்டில், சக்கரத்தை நோக்கி நகர வேண்டும். அங்கே பாடியின் ரெயில் நிற்கிறது. ஷாஃப்ட் முழுதும் வெளியே வருவதற்குள் கியர்பாக்ஸின் வால் அந்த ரெயிலில் போய் முட்டும். வெளியே நின்று பார்த்தால் ஒட்டிக்கொண்டது மாதிரியே இருக்கும். என்ஜினைக் கொஞ்சம் சாய்த்து, கியர்பாக்ஸைக் கீழே இறக்கினால் தானாக வழிவிடும். இதற்கு எண்ணெயும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம்.

மறந்துபோன போல்ட்

எந்த வழிக்கும் முன்னால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பிரியாத கியர்பாக்ஸ் என்று சொல்லிக் கூப்பிடும் இடங்களில் சாதாரணமாகக் காணும் காரணம் துரு அல்ல, ஒளிந்திருக்கும் ஒரு போல்ட்தான். செல்ஃப் மோட்டார் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கலாம். உச்சியில், கை நுழையாத இடத்தில், வயரிங் கிளாம்ப்புக்கு அடியில் ஒன்று இருக்கலாம். என்ஜின் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் போட்ட போல்ட்டும் இருக்கும், கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து மட்டுமே பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. அடியில் ஃப்ளைவீலை (கிராங்க் ஷாஃப்ட் முனையில் சுழலும் கனமான சக்கரம்) மூடியிருக்கும் தகட்டின் சின்ன போல்ட்டுகளும் கணக்கில் சேரும். என்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் முட்டுக் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கெட்டித்த இடத்தில் போல்ட் தலை ஒரு மேடு மாதிரித்தான் தெரியும். கம்பி பிரஷ்ஷால் ஓரம் முழுவதையும் தேய்த்துவிட்டுப் பாருங்கள். ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டைத் தூக்கிவிட்டு மேலிருந்து ஒருமுறை, அடியில் படுத்து ஒருமுறை என இரண்டு பக்கமும் பார்க்க முடியும். அந்த வசதி எல்லா வண்டிக்கும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் கைபேசியை வீடியோவில் போட்டு உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். நாலு பேர் தலையைச் சொறிந்த இடத்தில் அந்தப் படம் போல்ட்டைக் காட்டிவிடும்.

கழற்றிய போல்ட்டுகளை ஓட்டை வாரியாக அட்டைப் பெட்டியில் குத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்தச் சந்தேகமே வராது. நீளம் குறைந்தது, கூடினது என்று போல்ட்டுகள் வேறுபடும். திரும்ப மாட்டும்போதும் அந்த அட்டை உதவும்.

எண்ணெயும் பொறுமையும்

போல்ட் பாக்கி இல்லை என்று உறுதியானபின் செலவு குறைந்த வழி இதுதான். துரு இளக்கும் ஸ்பிரேயை டவல் இருக்கும் இடத்துச் சேர்மான ஓரத்தில் அடித்து, சுத்தியலால் சுற்றுப்புறத்தைத் தட்டி, ஒரு இரவு விட்டுவிடுவது. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊற்றுகிறவர்களும் உண்டு. நன்றாகவே ஊறும். ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அதை ஊற்றிய அன்று கேஸ் டார்ச்சைத் தொடாதீர்கள். பெட்ரோல் லைன் வேறு பக்கத்திலேயே ஓடுகிறது.

டவலில் நடப்பது வெறும் இரும்புத் துரு இல்லை. டவல் எஃகு, ஹவுசிங் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலைசெய்து அலுமினியத்தை அரிக்கிறது. அரித்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறும்போது முன்பு இருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் டவல் நாளாக ஆக இறுகும். எண்ணெய் இந்தப் பொடிக்குள் மெதுவாகத்தான் ஊறும். தட்டினால் பொடியில் விரிசல் விழும், அந்த விரிசல் வழியே எண்ணெய் இறங்கும். எண்ணெய் அடித்துவிட்டுத் தட்டாமல் போய்ப் படுத்தால் காலையிலும் அப்படியேதான் இருக்கும்.

ஸ்ப்லைனில் ஒட்டியிருக்கிறது என்று இடைவெளி சொன்னால் எண்ணெய் அடிக்க வேண்டிய இடம் வேறு. கிளட்ச்சை விடுவிக்கும் நெம்புகோலான கிளட்ச் ஃபோர்க் வெளியே வரும் ரப்பர் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மெல்லிய குழாய் வைத்து ஷாஃப்ட்டை நோக்கி அடிக்க வேண்டும். கிளட்ச் பிளேட் எண்ணெயில் நனைந்தால் அது வீண். எப்படியும் பிளேட் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் கவலையில்லை. பிளேட் நன்றாக இருக்கிறது, வேறு காரணத்துக்காகக் கழற்றுகிறேன் என்றால் இந்த வழியைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள்.

எண்ணெயோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒன்று, கியர்பாக்ஸின் சாய்வைச் சரிசெய்வது. வால் தொங்கினால் ஷாஃப்ட் கிளட்ச் துளைக்குள் கோணலாகி இறுகிவிடும். மேலேயும் கீழேயும் இடைவெளி சமமாகும்வரை ஜாக்கியை ஏற்றி இறக்கிப் பார்த்து, அதே நிலையில் வைத்து ஆட்டுங்கள். ஆட்டுவது என்றால் மேலும் கீழுமாகத் தொங்குவது இல்லை. ஷாஃப்ட்டை அச்சாக வைத்து இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் திருகுவது. டவல் கழன்ற பிறகே இந்தத் திருகல் சாத்தியம்.

நெம்புவதா, திருகித் தள்ளுவதா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். பட்டறைகளில் பெரும்பாலும் நெம்புகிறார்கள். எனக்குத் திருகித் தள்ளுவதுதான் பிடிக்கும். காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம்.

60 செ.மீ. கம்பியை எடுத்து, நுனியிலிருந்து 2 செ.மீ. தள்ளி முட்டுக்கொடுத்து, மறுமுனையை 30 கிலோ பலத்தில் அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள். நுனியில் வரும் விசை ஏறக்குறைய 900 கிலோ. பார்க்கப் பெரிதுதான். ஆனால் அது முழுவதும் விரல் நகம் அளவு இடத்தில், அதுவும் அலுமினியத்தின் ஓரத்தில் இறங்குகிறது. ஓரம் நசுங்கும். நசுங்கிய மேடு திரும்ப மாட்டும்போது இரண்டு முகமும் சேர விடாமல் நிற்கும், கியர்பாக்ஸ் மயிரிழை கோணலாக உட்காரும். சில வேளை போல்ட்டோ டவலோ நுழையத் துருத்தி நிற்கும் ஹவுசிங்கின் காதே விண்டுபோகும். அதைவிடப் பெரிய குறை, நெம்புகோல் ஒரு பக்கத்தை மட்டும் தள்ளுகிறது. பழைய மேசையின் டிராயரை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்கிக்கொள்ளுமே, டவலும் அப்படித்தான். நீங்கள் பலம் கூட்டக் கூட்ட அது இன்னும் கவ்வும்.

இப்போது திருகுவதைப் பாருங்கள். 12 ஸ்பேனர் பிடிக்கும் சாதாரண 8 மி.மீ. போல்ட் ஒன்று. 20 செ.மீ. ஸ்பேனரில் கையால் 10 கிலோ அழுத்தம் கொடுத்தால் போதும், அந்தப் போல்ட் தன் நீளவாட்டில் தள்ளும் விசை 1,200 கிலோவைத் தாண்டும். எதிரெதிராக இரண்டு போல்ட் வைத்தால் இரண்டரை டன். அதுவும் மில்லிமீட்டரில் பாதி, கால் என்று நீங்கள் விரும்பும் அளவுக்கு, இரண்டு பக்கமும் சமமாக. கையில் ஸ்பேனர் கனப்பதை வைத்தே எங்கே இறுகுகிறது, எங்கே இளகுகிறது என்று தெரிந்துவிடும். கடப்பாரையில் அந்த உணர்வு கிடைக்காது.

சில கியர்பாக்ஸ்களில் இதற்கென்றே மரை வெட்டிய ஓட்டைகளை வைத்திருப்பார்கள். அங்கே நீளமான போல்ட்டைப் போட்டுத் திருகினாலே ஹவுசிங் தானாக விலகும். அப்படி ஓட்டை இல்லாதபோது கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஹவுசிங் காதுக்கும் என்ஜின் பிளாக்கில் துருத்திக்கொண்டிருக்கும் ஏதாவது கனமான பகுதிக்கும் நடுவே இடம் தேடுங்கள். அந்த இடத்துக்குள் அடங்கும் ஒரு போல்ட்டில் நட்டை ஏற்றி வையுங்கள். போல்ட் தலை ஒரு பக்கம், நட்டு மறுபக்கம் முட்டி நிற்கும். நட்டைப் பின்னுக்குத் திருகினால் அந்த ஜோடி நீளும், சின்ன ஜாக்கி தயார். இரண்டு முனையிலும் கனமான வாஷர் வைத்துவிடுங்கள், அலுமினியத்தில் குழி விழாது. எதிரெதிராக இரண்டு இடத்தில் வைத்து, இங்கே கால் சுற்று, அங்கே கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருகி, நடுநடுவே டவல் பக்கம் சுத்தியலால் தட்டுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதுதான் வேண்டிய சத்தம்.

இதன் குறை ஒன்றுதான்: இடம் வேண்டும். வண்டிக்குள் எல்லாப் பக்கமும் அந்த இடம் கிடைக்காது. பலமும் அளவு தெரிந்து காட்ட வேண்டும். இரண்டரை டன்னை ஒரு காதில் ஏற்றினால் அதுவும் உடையத்தான் செய்யும். ஸ்பேனர் கல்லாகிவிட்டால் அதற்குமேல் திருகாமல் எண்ணெயையும் சூட்டையும் கூட்டுங்கள்.

நெம்பியே தீர வேண்டும் என்றால், நெம்புவதற்காகவே ஹவுசிங் ஓரத்தில் வார்த்து விட்டிருக்கும் மேடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உறுதியான மரத்தில் மெல்லிய ஆப்பு இரண்டு செதுக்கி, எதிரெதிரே வைத்து, மாற்றி மாற்றி அடியுங்கள். மரம் நசுங்கும், அலுமினியம் பிழைக்கும். ஸ்க்ரூ டிரைவரையும் உளியையும் சேர்மான முகத்துக்குள் இறக்குவதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்ய வேண்டாம்.

வாகனத்துக்குள் இருக்கும்போது இன்னொரு மென்மையான தள்ளலும் உண்டு. கிளட்ச் ஃபோர்க்கை வெளியிலிருந்து நெம்பினால், அதன் நுனியில் உள்ள ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை அழுத்தும். போல்ட் இல்லாத நிலையில் அதே விசை கியர்பாக்ஸைப் பின்னுக்குத் தள்ளும். ஷாஃப்ட் பாதி இளகிய கேஸில் இது மட்டுமே போதுமானதாக இருக்கும். ஆனால் திடீரென்று விலகும், கவனம்.

எந்த வழியானாலும் ஒரு நிபந்தனை: மேலே இரண்டு போல்ட்டுகளை முழுதும் எடுக்காமல் (எடுத்திருந்தால் திரும்ப மாட்டி), நாலைந்து மரை பிடித்த நிலையில் தளர்த்தி விட்டுவிடுங்கள். டவல் சடாரென்று விடும்போது கியர்பாக்ஸ் நெஞ்சின் மேல் வராது. வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கக் கூடாது, இரும்பு ஸ்டாண்ட் கட்டாயம். இதை எல்லோரும் சொல்வார்கள், முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

நெருப்பு

சூடாக்கினால் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 12 மி.மீ. டவல் துளையை எடுத்துக்கொண்டால், இரண்டையும் சேர்த்து 100 டிகிரி சூடேற்றும்போது இடையில் கிடைக்கும் தளர்வு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு சொச்சம். ஹவுசிங்கை மட்டும் சூடாக்கி, டவல் சூடேறும் முன் இழுத்தால் அதைப்போல் இரண்டு மடங்கு கிடைக்கலாம். கேட்கச் சின்ன எண்தான். துருப்பொடியின் பிடியை உடைக்க அது போதும்.

ஆகவே சூடு வேலைசெய்யும், ஆனால் தனியாக இல்லை. போல்ட்டைத் திருகி இழுவிசையை ஏற்றி வைத்துவிட்டு, டவல் காதை மட்டும் சூடாக்கினால் பலன் தெரியும். ஹாட் ஏர் கன் போதும். கேஸ் டார்ச் வேகம்தான், ஆனால் அதன் நாக்கு எங்கே போகிறது என்று கவனிக்க ஒரு ஆள் தனியாக வேண்டும். சாதாரண ஆயில் சீல் ரப்பர் 100, 120 டிகிரிக்கு மேல் தாங்காது. கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் அந்தச் சுவருக்குப் பின்னாலேயே இருக்கிறது. கிளட்ச் பிரச்சினைக்காகக் கழற்றிய வண்டியில் ஆயில் கசிவு என்ற புதுப் பிரச்சினை சேர்ந்துகொள்ளும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சூடாக்கவே கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால் வரும் புகை விஷம்.

வண்டி வீட்டுக்குள், பெட்ரோல் டேங்க்கோடு, வெறும் கார்ப்பெட் விரித்த ஷெட்டில் நிற்கிறது என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

ஷாஃப்ட் பிடித்திருந்தால்

சுற்றிலும் சமமாக விலகி, நடுவில் மட்டும் பிடிக்கும் கேஸ் இது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் அடிக்கடி பார்க்கலாம். கிளட்ச் பிளேட்டின் ஹப், அதாவது பல் வெட்டிய நடுப்பகுதி, ஷாஃப்ட்டோடு துருப்பிடித்துச் சேர்ந்துவிட்டது. பிளேட், ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எனவே நீங்கள் கியர்பாக்ஸை இழுக்கும்போது உண்மையில் பிரஷர் பிளேட்டைப் பிடித்து இழுக்கிறீர்கள். அது ஃப்ளைவீலில் ஆறு போல்ட்டில் இறுகி நிற்கிறது. ஜெயிக்கப்போவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

(கிளட்ச் பிளேட் ஃப்ளைவீல் முகத்தில் துருவால் ஒட்டிக்கொள்வது வேறு விஷயம். பெடலை மிதித்தாலும் கியர் விழாது, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் வெளியே வருவதை அது தடுக்காது.)

இதற்கு நல்ல வழி, அந்த ஆறு போல்ட்டையும் கழற்றிவிடுவது. ஹவுசிங் மூடியிருக்கும்போதேயா என்று கேட்பீர்கள். அடியில் தகடு மூடிய ஜன்னல் இருந்தால் அதன் வழியாக, இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் இருந்த ஓட்டை வழியாக ஒரு நேரத்தில் ஒரு போல்ட் கண்ணுக்குத் தெரியும். கிராங்க் புல்லியின் போல்ட்டில் சாக்கெட் போட்டு என்ஜினைக் கையால் சுற்றி, ஒவ்வொன்றாக ஜன்னலுக்குக் கொண்டுவந்து அரைச்சுற்று, அரைச்சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுதாக எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் பிரஷர் பிளேட் கோணிக்கொள்ளும். முழுதும் கழன்றதும் கியர்பாக்ஸ், பிளேட், பிரஷர் பிளேட் மூன்றும் ஒரே கட்டாக வெளியே வரும். ஹப்பை ஷாஃப்ட்டிலிருந்து எடுப்பது அதன்பிறகு மேசை மேல் செய்யும் வேலை. கிரைண்டரால் ஹப்பின் ஒரு பக்கத்தைக் கீறினால் போதும், விட்டுவிடும். ஷாஃப்ட் பல்லில் படாமல் கீற வேண்டும்.

ஜன்னலில் ஸ்பேனர் நுழையவே இடமில்லாத வண்டிகளும் உண்டு. அங்கே மிச்சம் இருப்பது அடுத்த வழிதான். பைலட் பேரிங்கில் ஷாஃப்ட் நுனி பிடித்திருந்தாலும் அப்படியே. வெளியிலிருந்து எண்ணெய்கூட எட்டாத இடம் அது.

இரண்டையும் சேர்த்தே இறக்கிவிடுவது

இதைக் கேட்டாலே பலருக்கு அலுப்பு வரும். ரேடியேட்டர் ஹோஸ், வயரிங், சைலன்சர், ஆக்ஸிலேட்டர் கேபிள், பெட்ரோல் லைன், மவுண்ட் என்று கழற்ற வேண்டியவை கூடுகின்றன. இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் பெட்ரோல் லைனின் அழுத்தத்தை முதலில் இறக்க வேண்டும். ஏசி இருந்தால் கம்ப்ரஸரைக் குழாயோடு அப்படியே ஓரம் கட்டி வைக்கலாம், கேஸைத் திறந்துவிட வேண்டியதில்லை. செயின் பிளாக் வாடகைக்கு எடுக்க வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும், ஒரு பகல் முழுதாகப் போகும்.

இருந்தும் நான் இதன் பக்கம்தான் சாய்வேன், அதுவும் பலர் நினைப்பதைவிடச் சீக்கிரமாகவே. காரணம், என்ஜின் வண்டிக்குள் ரப்பர் மவுண்ட்டில் மிதக்கிறது. நீங்கள் அடிக்கிற அடியிலும் இழுக்கிற இழுப்பிலும் பாதியை அந்த ரப்பர் விழுங்கிவிடும். என்ஜினும் சேர்ந்து ஆடுகிறது, டவலுக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. தரையில் மரக்கட்டைமேல் அசையாமல் உட்கார்ந்த என்ஜினில் அதே அடி முழுதாக வேலைசெய்யும். சுற்றி நாலு பக்கமும் நின்று பார்க்கலாம், போல்ட் ஜாக்கி வைக்க எங்கும் இடம் இருக்கும், மறந்துபோன போல்ட்டும் தானாகக் கண்ணில் படும். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி முப்பது கிலோ உலோகம் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கிளட்ச், பின் சீல், மவுண்ட் ரப்பர் எல்லாவற்றையும் ஒரே கையோடு மாற்றிவிடவும் முடியும்.

என் கணக்கு இப்படி. ஒரு இரவு எண்ணெய் ஊறிய பிறகும், இடைவெளி ஓரிடத்தில்கூடத் திறக்கவில்லை என்றால், அடுத்த நாளை வண்டிக்கு அடியில் செலவிடாமல் சேர்த்தே இறக்குவேன். மாருதி 800 என்ஜின் சின்னது, தூக்குவது பெரிய வேலையல்ல. அம்பாசடர் மாதிரிக் கனமான இரும்பு என்றால் இன்னும் ஒருநாள் கீழேயே போராடிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ஒன்றைப் பலிகொடுப்பது

கழற்றும் காரணத்தையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸே கெட்டுவிட்டதால் மாற்றப்போகிறீர்கள் என்றால் அதைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு பாடு? அலுமினிய ஹவுசிங்கின் காதை டவலைச் சுற்றிக் கிரைண்டரால் அறுத்துவிட்டால் பிடி போய்விடும். டவல் என்ஜின் பக்கமே தங்கும், அதை ஆறஅமர எடுத்துக்கொள்ளலாம். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் இந்த மாதிரி வண்டிகளுக்குப் பழைய கியர்பாக்ஸ் கிடைக்கும். வாங்கும்போது உங்கள் பெட்டியையே ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய், ஓட்டைகளும் ஆக்ஸில் பற்களும் ஒத்துப்போகின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் கையால் சுற்றிப் பாருங்கள். வடிகால் மூடியைத் திறந்து, ஆயிலில் இரும்புச் செதில் வருகிறதா என்றும் பாருங்கள்.

கியர்பாக்ஸ் நல்லது, காது மட்டும் உடைந்துவிட்டது என்றால் ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டலாம். ஆனால் வெல்டிங் சூட்டில் முகம் கோணும். லேத்துக்குப் போய் முகத்தைச் சரிபார்க்காமல் மாட்டினால் டவல் இருந்தும் பயனில்லை. என்னைக் கேட்டால் டவல் துளையோடு சேர்ந்து உடைந்த ஹவுசிங்கை ஒட்டுவதைவிடப் பழையது ஒன்று வாங்குவதே மேல்.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014-இல் செலேரியோவோடு இங்கே வந்த ஏ.எம்.டி. வகை (கிளட்ச்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் வகை) உள்ளுக்குள் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், மேலே சொன்னவை அதற்கும் பொருந்தும். கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியே சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை வேறு. ஃப்ளைவீல் இடத்தில் இருக்கும் மெல்லிய தகட்டோடு கன்வெர்ட்டரைச் சேர்க்கும் போல்ட்டுகளை முதலில் ஜன்னல் வழியாகக் கழற்ற வேண்டும். கன்வெர்ட்டர் கியர்பாக்ஸோடுதான் வெளியே வர வேண்டும். அதை என்ஜினில் விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் இழுத்தால் ஆயில் பம்ப்பின் சீல் போகும், பம்ப்பும் போகலாம்.

பிரிந்த பிறகு

டவல் துளையில் இருக்கும் வெள்ளைப் பொடியை எமெரித் தாளால் சுத்தம் செய்யுங்கள், அளவு பெருகாமல் மெதுவாக. வளைந்த, நசுங்கிய டவலைத் திரும்பப் போட வேண்டாம். டவலே இல்லாமல் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போல்ட் ஓட்டைகளில் தளர்வு உண்டு, கியர்பாக்ஸ் நேராக உட்காராது. ஷாஃப்ட் பேரிங்கும் கிளட்ச் ஹப்பும் சீக்கிரமே தேய்ந்து சத்தம் போடும். டவலில் மெல்லிய பூச்சாகத் தாமிர கிரீஸ் தடவுங்கள். ஸ்ப்லைனில் கிரீஸை விரல் நுனியில் தொட்டு வைத்து, பிளேட்டை ஒருமுறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கூடப் போனால் சுற்றும்போது சிதறி, புதுப் பிளேட்டை நனைக்கும்.

மாட்டும்போது கையால் தள்ளியே இரண்டு முகமும் சேர வேண்டும். ஒரு விரற்கடை பாக்கி இருக்கும்போது போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுக்காதீர்கள். அந்த இடைவெளி பெரும்பாலும் பிளேட் நடுவில் இல்லை என்பதைத்தான் காட்டுகிறது. கியர்பாக்ஸை வெளியே எடுத்து, பிளேட்டை நடுப்படுத்திவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.